தறி நின்றபோது கேட்ட ஜெபம்

இல்லைங்க, ஜெபத்தை நான் விட்டுவிடவில்லை. எங்கே உட்கார்ந்து செய்வது என்றுதான் தெரியவில்லை. கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்...

சோமனூர் பக்கம் ஒரு விசைத்தறி ஷெட். சூடான எண்ணெய் வாடை, மூக்குக்குள் பஞ்சு, காதுக்குள் டடக் டடக் டடக். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு அங்கேதான் சேர்ந்தேன். பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை நான் வேறு ஆள். எங்கள் சபை சின்னது, பழைய ஆங்கிலிகன் முறை. ஆயருக்கு அது மாதிரி நிறைய கோயில்கள், அதனால் எங்களுக்கு மாதம் ஒருமுறை திருவிருந்து கொடுக்க வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபப் புத்தகத்தை வைத்து ஆராதனை நடத்துவது நான். பாவ மன்னிப்பு கூறி ஆசீர்வதிக்க மட்டும் எனக்கு அனுமதி இல்லை, அது ஆயர் வேலை. மற்றபடி காய்ச்சலுக்கு, மழைக்கு, பரீட்சைக்கு... எல்லா ஜெபமும் என் வாயிலிருந்துதான்.

எனக்கென்று ஜெபிக்க?

வீட்டில் டிவி. ஷிப்ட் முடிந்தால் தூக்கம். அதனால் ஷெட்டிலேயே, அறுந்த இழையை முடிந்துகொண்டே, வாய்விட்டுக் கத்துவேன். மனிதர் யாருக்கும் கேட்காது. ஆண்டவருக்குக் கேட்கும் என்று ஒரு நம்பிக்கை.

அந்த வாரம் ஆயர் போன் செய்தார். "இறையியல் கல்லூரிக்குப் போறயா கண்ணு? நானே சிபாரிசு பண்றேன். ஞாயித்துக்கெழம வாரேன், பதில் சொல்லு."

ஆயர் ஆவதா? நானா? ஆசையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. மறுநாள் ஷெட்டில் கத்தினேன். "ஆண்டவரே, நான் போகலீங்க! ஊருக்கெல்லாம் ஜெபம் பண்றேன், ஆனா உள்ளுக்குள்ள..."

கரண்ட் போனது. எல்லாத் தறியும் நின்றது. என் வாய் நிற்கவில்லை.

"...ஒண்ணுமே இல்லீங்க! சும்மா புத்தகத்தப் படிச்சுப்போட்டு வாரேனுங்க!"

ஷெட் முழுக்க என்னைப் பார்த்தது.

முதலாளி கவுண்டர்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஏன் கண்ணு, சாமிகிட்ட கணக்கு முடிச்சுக்கறயா? எங்கிட்டச் சொல்லாம வேலைய விட்டு நின்றாதப்பா!"

எல்லோரும் சிரித்தார்கள். ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றும் ஸ்டெல்லா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவர் எங்கள் சபை.

"ஏனுங் தம்பி... போன வாரம் எம்பட புள்ளைக்குக் காய்ச்சல்னு ஜெபம் பண்ணுனீங்களே. அதுவும் உள்ள ஒண்ணுமில்லாமத்தானுங்களா?"

"தெரியலீங்க்கா."

"புள்ளைக்குச் சரியாப் போச்சுங்களே?"

"ஆமாங்க்கா."

"அப்ப அது எப்படீங்க?"

"அதுவும் தெரியலீங்க்கா..."

அக்கா தார்க்குச்சியைக் கீழே வைத்தார். "அட என்னங் தம்பி நீங்க, என்னையும் சேத்துக் கொழப்பிப்போட்டீங்க!" கரண்ட் வந்தது. டடக் டடக்.

ஞாயிறு ஆயரிடமும் அதையேதான் சொன்னேன். "தெரியலீங்கய்யா."

"போறயா இல்லையான்னு கேட்டா, தெரியலைன்னா எப்படி?"

"அதானுங்கய்யா தெரியல."

தலையில் அடித்துக்கொண்டார். "அடுத்த வாரம் ஆராதனை நடத்துவயா, மாட்டயா?"

"நடத்தறேனுங்க."

அதற்கப்புறம் ஸ்டெல்லா அக்கா ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் நிற்பார். காதோரம் மெதுவாகக் கேட்பார். "இன்னைக்கு உள்ள இருந்துச்சுங்களா தம்பி?"

"பாதிங்க்கா" என்பேன். சில நாள் "இல்லீங்க்கா." ஒரே ஒரு ஈஸ்டர் அன்று "இருந்துச்சுங்க்கா" என்றேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது பெருந்துறையில் கம்பெனி வேலை. தனி ரூம், நல்ல அமைதி. முழங்காலிட்டால் என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்கிறது, வாயில் வார்த்தை வருவதில்லை. கல்லூரிக்கு இன்னும் போகவில்லை. போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை. இங்கேயும் ஒரு சபையில் ஞாயிறு ஆராதனை நடத்துகிறேன். மைக் இருக்கிறது, கீபோர்டு இருக்கிறது. முடிந்ததும் வரிசையாகக் கை கொடுக்கிறார்கள். "பிரமாதம் பிரதர், அருமையான ஜெபம்."

இருந்ததா என்று ஒருவரும் கேட்பதில்லை.

சரிங்க, சூப்பர்வைசர் கூப்பிடுகிறார். போகணும்.