கறுக்காத செயின்

நான் வேலை பார்த்த கவரிங் கடையில் என் தலைக்கு மேல் ஒரு சிலேட்டுப் பலகை தொங்கியது. 'இந்தச் செயின் இந்தக் கழுத்தில் இன்றோடு 41 நாள்' என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதியிருக்கும். காலையில் கடை திறந்ததும் ஓனரம்மா எண்ணை மட்டும் துடைத்து, ஒன்று கூட்டி எழுதுவார். தொண்ணூறுகளின் கடைசி அது. நீலசந்திராவில் ஒரு சந்துக்குள் கடை. வீட்டுக்காரருக்கு வேலை இல்லை, பிள்ளைகள் இரண்டு. அதனால் கழுத்தை வாடகைக்கு விட்டதைப் பற்றி நான் பெரிதாக யோசிக்கவில்லை.

கால் கடுக்க நின்றுகொண்டு சொன்னதையே சொல்ல வேண்டும். உள்ளே பித்தளை, மேலே தங்க முலாம். அந்த முலாம் எவ்வளவு கனம் என்பதற்குத்தான் மைக்ரான் கணக்கு. எங்கள் கடைக்கு வந்த சிதம்பரம் சரக்கில் கண்ணிகளை ஒழுங்காகப் பற்றவைத்திருப்பார்கள். பம்பாய் சரக்கில் கல்லைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள், நாலு தரம் குளித்தால் உதிரும். நெக்லஸைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாலே எந்த ஊர்க் கைவேலை என்று சொல்லிவிடுவேன். வாங்க வருகிறவர்கள் யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. அவர்கள் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "கறுக்குமா?" அதற்குத்தான் நானும் பலகையும்.

கறுத்துப்போச்சு என்று யாராவது திரும்பி வந்தால் அதற்கும் ஒரு பதில் தயாராக இருந்தது. "சரக்கு நல்ல சரக்கும்மா. உங்க உடம்புதான் சூட்டு உடம்பு." வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே போய்விடுவார்கள்.

இதில் கூத்து என்னவென்றால், அந்தக் கடையிலேயே மோசமான உடம்பு என்னுடையது. எந்தச் செயினும் என் வியர்வைக்குப் பத்து நாள் தாங்காது. சேர்ந்த எட்டாம் நாளே கண்ணிகள் மங்க ஆரம்பித்தன. வேலை போய்விடுமே என்று பயந்து, கலர் இல்லாத நெயில் பாலிஷ் வாங்கி, திங்கட்கிழமை லீவில் செயினைத் தேய்த்துக் கழுவி மூன்று கோட்டிங் அடித்தேன். பிறகு வாராவாரம் அதே வேலை. ஓனரம்மாவுக்குத் தெரியாது. பலகையில் நாள் ஏறிக்கொண்டே போனது.

எழுபத்திரண்டாம் நாள் சந்தாபுராவிலிருந்து ஒரு பெண் வந்தாள். கார்மென்ட்ஸில் வேலை. இரண்டு வாரத்தில் பெண் பார்க்க வருகிறார்களாம். பலகையைப் படித்தாள், என் கழுத்தைப் பார்த்தாள். "அக்கா, நீங்க போட்டிருக்கிற அதே டிசைன் குடுங்க" என்றாள். கொடுத்தேன். கடையிலேயே போட்டுக்கொண்டு சிரித்தபடி போனாள்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தாள். சண்டைக்கு வரவில்லை. துப்பட்டாவை விலக்கிக் கழுத்தைக் காட்டினாள். சுற்றிலும் கரிக்கோடு.

"பாக்க வந்தப்பவே இப்படித்தான்க்கா இருந்துச்சு. தேய்ச்சும் போகல. மாப்பிள்ளையோட அம்மா பாத்துட்டு, சூட்டு உடம்பு, இவளுக்குக் கரு தங்காதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க." பலகையை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்குத் தொண்ணூத்தி மூணு நாள். எனக்குப் பதினஞ்சு நாள்கூடத் தாங்கல. நெஜமாவே எனக்கு எதுனா கோளாறாக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஓனரம்மா பெட்டி பிரித்துக்கொண்டே, பழக்கதோஷத்தில், "சரக்குல தப்பில்லம்மா, உன் உடம்பு வாகு அப்படி" என்றார். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிவிட்டாள்.

டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். நெயில் பாலிஷ் கதை முழுவதையும் சொன்னேன். செயினை நகத்தால் சுரண்டி, உரிந்து வந்த பாலிஷ் செதிலைக் காட்டினேன். அவள் பார்த்தது என் கழுத்தைத்தான்.

"உங்க கழுத்து சுத்தமாத்தானே இருக்கு. என்னைச் சமாதானப்படுத்தச் சொல்றீங்க. நீங்க நல்லவங்கக்கா."

நல்லவள் என்றாளே, அதுதான் தாங்க முடியவில்லை. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "ரெண்டு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை வா. பாலிஷ் போடாம வெச்சிருக்கேன், வந்து என் கழுத்தைப் பாரு. எனக்கு ரெண்டு புள்ளைங்க. அதுங்களையும் கூட்டிட்டு வரேன், பாரு" என்றேன். "வரேன்க்கா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

அன்றோடு பாலிஷை நிறுத்தினேன். ஒன்பதாம் நாள் கழுத்தில் கோடு விழுந்தது. துடைக்கவில்லை. ஓனரம்மா பார்த்ததும் முகம் மாறியது. "கழட்டு" என்றார். நடந்ததைச் சொல்லி, இந்த ஞாயிறு வரைக்கும் விடுங்கம்மா, அப்புறம் நானே வேலையை விட்டு நின்றுவிடுகிறேன் என்று கெஞ்சினேன். அவர் ஸ்டூலில் ஏறிப் பலகையைக் கழற்றி உள்ளே வைத்தார்.

அந்த ஞாயிறு பிள்ளைகளுக்குத் தலைவாரி, பவுடர் போட்டுக் கூட்டிப் போனேன். கறுத்த கழுத்தோடு கடை வாசலில் நின்றேன். "யாரும்மா வராங்க?" என்று சின்னவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பசிக்கிறது என்று பெரியவள் அழுதாள். விளக்கு வைக்கும் நேரம் வரை நின்றோம். அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும், வேலை இல்லாமலேயே போய் நின்றோம்.

அவள் வரவில்லை. எங்கே இருக்கிறாளோ, என் தொண்ணூற்று மூன்று நாளை இன்னும் நம்பிக்கொண்டு.