தேரின் இரும்புக் கட்டைகள்

யாழ்ப்பாணத்துக் குருநகரில் வெல்டிங் வேலை செய்யும் வஸ்தியாம்பிள்ளைக்குத் திருநாள் என்றாலே குமட்டுகிறது. மாதா கோயில் தேரின் முன்னச்சு நாற்பது பாகைக்கு மேல் திரும்பினால் தேர் சரியும் என்று கணக்குப் பார்த்து, அதை முட்டி நிறுத்த இருபக்கமும் இரும்புக் கட்டை ஒட்டியவர் அவர்.

"உது வடிவில்லாமல் கிடக்கு" என்று விழாக் குழுத் தலைவர் கட்டைகளை அறுத்தெறிந்தார். அந்த இடத்தில், தேருக்குக் காசு கொடுத்த தன் கனடா மச்சானின் பெயர்ப்பலகையைப் பூட்டினார்.

திருநாளன்று தெருவின் முதல் முடக்கிலேயே அச்சு அளவு மீறித் திரும்பியது. சரிந்த தேரைச் சனம்தான் தோள்கொடுத்துத் தாங்கியது.

மறுநாள் தலைவர் வந்தார். "பழையபடி ஒட்டிவிடுங்கோ அண்ணை. மச்சான்ரை பேரும் இருக்கவேணும்."

வஸ்தியாம்பிள்ளை காறித் துப்பினார். "ஓம், வைக்கிறன்."

கட்டைகளைத் திரும்ப ஒட்டி, அச்சு முட்டும் பக்கத்தில் பெயரை வெட்டிப் பொறித்தார். இப்போது தேர் திரும்பும்போதெல்லாம் அச்சு வந்து இடிப்பது மச்சானின் பெயரில்தான்.