கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்

ஸ்ரீரங்கம் படித்துறையில் கொலை நடக்கிறது என்றே நம்பினேன். போலியோவில் கால் சூம்பிய வாலிபன் காவிரியில் முங்கி முங்கி எழுந்துகொண்டிருந்தான். கழுத்தில் விசில் தொங்கிய நீச்சல் வாத்தியாரோ, காற்றடைத்த டியூபைப் படியில் போட்டுவிட்டு, பக்கத்திலேயே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். நீச்சல் தெரியாத மாவீரனான நான் வேட்டியோடு குதித்தேன். தண்ணீர் இடுப்பளவுதான். இருந்தும் "ஐயோ, காப்பாத்துங்க!" என்று அலறியவன் நானே. அந்த வாலிபனைக் கரைக்கு இழுத்துப் போட்டேன்.

"ஏன் சார் புடிச்சீங்க? எட்டுத் தடவை கை போட்டுட்டேன்!" என்று அழுதான்.

"முழுகுனியேப்பா!"

வாத்தியார் சிரிக்கவில்லை. "எனக்கும் புடிக்கத்தாங்க கை பரபரக்குது. அதான் கட்டிக்கிட்டேன்."

"நாளைக்கு நீந்தட்டுமே?"

"நாளைக்குத் தண்ணி ஏதுங்க? மேட்டூர்ல அணையை மூடிட்டாங்களே."

ஆனியில் தண்ணீர் வந்தது. தினமும் போய்ப் பார்த்தேன். வாத்தியார் வந்தார், அவன் வரவில்லை.

அன்று அவன் மூழ்கவில்லை. முதல் தடவையாக, டியூப் இல்லாமல், தனியாக நீந்திக்கொண்டிருந்தான்.