பொங்காலைப் பானைக்குச் சாட்சி

ஓணம் கழிந்து வியாபாரம் படுத்துக் கிடந்த நேரத்தில், சாலை பஜாரில் இருக்கும் என் பாத்திரக் கடைக்குச் சம்மன் வந்தது. பொங்காலைக்கு நான் இறக்கிய ஒரு லாரி மண்பானைக்கு இன்னும் பணம் தரவில்லை, வட்டியோடு தர வேண்டும் என்று திருநெல்வேலிப் பக்கத்துப் பானை வியாபாரி வழக்குப் போட்டிருந்தார். தரவில்லை என்பது உண்மைதான். அரைவேக்காட்டுப் பானைக்கு எந்த மடையன் பணம் தருவான்?

மாசி மாதத்தில் பொங்காலையன்று கிழக்கேகோட்டையைச் சுற்றி எல்லா ரோட்டிலும் பெண்கள் செங்கல் கூட்டி அம்மனுக்குப் பொங்கலிடுவார்கள். பொங்கி வழிந்தால் வேண்டியது நடக்கும் என்று நம்பிக்கை. அந்த வருடம் நான் விற்ற பானைகள் பொங்குவதற்கு முன்பே விரிசல் விட்டு அடுப்பை அணைத்தன. மறுநாள் கடை வாசலில் நின்று பெண்கள் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். நான் காசைத் திருப்பிக் கொடுத்தேன். உடைந்த ஓடுகளையெல்லாம் கார்ப்பரேஷன்காரர்கள் முந்தின நாளே வாரிக்கொண்டு போய்விட்டார்கள்.

வியாபாரியைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். "விடுங்க அண்ணாச்சி, நமக்குள்ள என்ன? பார்த்துக்கிடலாம்" என்றார். அதை நம்பி ஒரு வரி எழுதி வாங்காமல் விட்டேன். அவர் பார்த்துக்கொண்ட லட்சணம்தான் இந்தச் சம்மன்.

என் வக்கீல் ஒரு மலையாளிப் பெண். காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பானையும் கையில இல்ல, லெட்டரும் இல்ல. நீங்க சொன்னா மட்டும் போதாது அண்ணாச்சி. பானை பொட்டிச்சுன்னு சொல்ல ஒராளெங்கிலும் சாட்சிக்கு வேணும். இல்லைன்னா கேஸ் போயி."

கேஸ் போனால் கடை ஜப்தியாகும். ஏற்கெனவே பேங்க் கடனில் மூக்குவரை மூழ்கிய கடை. இந்த வயதில் எனக்கு வேறு போக்கிடம் இல்லை.

முதலில் ஸ்ரீவராகத்தில் ஓர் அம்மாவைத் தேடிப் போனேன். அன்று என்னைத் திட்டியவர்களில் அவர்தான் முதல் ஆள். இப்போது உட்காரவைத்துக் காபி கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"எங்காத்துப் பொங்காலை நன்னாத்தான் பொங்கித்து. பிள்ளைக்கு இப்பத்தான் வேலை கிடைச்சிருக்கு. அபசகுனமாப் பேசாதீங்கோ அண்ணாச்சி."

காசு திருப்பித் தந்ததை நினைவுபடுத்தினேன். ஞாபகமில்லை என்று டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இன்னும் நாலைந்து வீடு ஏறி இறங்கினேன். எல்லா வீட்டிலும் பொங்காலை நன்றாகவே பொங்கியிருந்தது.

கடைசியில் என் மனைவியிடம் வந்து நின்றேன். கல்யாணமாகிப் பல வருடம் பிள்ளையில்லாமல் இருந்த எங்கள் மகளுக்காக அவளும் அன்று பொங்கலிட்டாள், எங்கள் கடைப் பானையிலேயே. அதுவும் விரிசல் விட்டது. வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தவள், மகளிடம் மட்டும் நன்றாகப் பொங்கியது என்று சொல்லிவிட்டாள். இப்போது மகளுக்கு ஆறாம் மாதம்.

"கோர்ட்டுக் கூட்டில கேறி நின்னு என் பானை பொட்டிச்சுன்னு சொல்லணுமா?" அவள் சத்தம் போடவில்லை. "சொல்லிட்டு வந்த பொறவு அவளுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா?"

பானைக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

பதில் தாக்கல் செய்யும் நாள் நெருங்கியபோது வக்கீல் கடைசியாக ஒருமுறை கேட்டார்.

"அண்ணாச்சி வீட்டில யாரும் பொங்காலை இடலையா?"

"வீட்டுக்காரி இட்டா."

"நம்ம கடைப் பானையிலயா?"

"ஆமா."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். நான் அடுத்து சொல்லப்போகும் வார்த்தையில் கடை தப்பக்கூடும் என்று எனக்கும் தெரிந்தது.

"நல்லாப் பொங்கிச்சு மேடம்" என்றேன்.