ஏதோ கொஞ்சம் வாசிப்பன்

தொண்ணூறுகளில் நான் சிட்னியில் இருந்தேன், அண்ணா சென்னையில் இருந்தார். யாழ்ப்பாணத்தில் அண்ணனும் தங்கையுமாக ஒரே மேடையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வயலின் வாசித்தவர்கள் நாங்கள். நாட்டில் நடந்த சண்டை எங்களை ஆளுக்கொரு திசையில் விரட்டிவிட்டது. அண்ணா அங்கே கச்சேரிகளில் பெயர் எடுத்தார், வெளிநாடுகளுக்கும் போய் வாசித்தார். நான் இங்கே இரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலைக்குப் போனேன். வயலின் அலுமாரிக்கு மேலே கிடந்தது. அவர் பக்கத்தில் இல்லாமல் வாசித்தால் பாதிப் பாட்டுத்தான் கேட்கிறது. அவருக்கு இதைச் சொன்னதில்லை, வாசிக்கிறாயா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

அவரை இங்கே அழைத்துவிட நினைத்தேன், ஆனால் அண்ணன் என்பதற்காக விசா கிடைப்பது குதிரைக்கொம்பு. சிட்னியின் பரமட்டா பகுதியில் ஒரு தமிழ் வழக்கறிஞர்தான், உலக அளவில் பெயர்பெற்ற கலைஞர்களுக்கென்றே ஒரு விசா இருக்கிறது என்றார். மதுரைக்காரர், நம்மவர்களை நன்றாக அறிந்தவர்.

"கேசட் இருக்கு, பேப்பர்ல வந்த விமர்சனம் எல்லாம் இருக்கு. ஒண்ணுதாங்க பயமா இருக்கு. இண்டர்வியூல உங்க அண்ணன் அடக்கமா பேசிடக் கூடாது."

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. நன்றாக வாசிப்பீர்களாமே என்று யாராவது கேட்டால் "ஏதோ கொஞ்சம் வாசிப்பன்" என்பதுதான் எங்கள் வீட்டுப் பதில். எவ்வளவு பெரிய வித்துவானும் அப்படித்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தலைக்கனம் என்று ஊர் பேசும். அதே பதிலை ஒரு விசா அதிகாரியிடம் சொன்னால், பாவம், அவர் அதை அப்படியே நம்பிவிடுவார்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் பாடம் நடத்தினேன்.

"அண்ணா, நீங்கள் எப்பிடி வாசிப்பீங்கள்?"

"ஏதோ..."

"அண்ணா."

"சரி, சரி. நான் ஒரு முன்னணிக் கலைஞன்." சொல்லிவிட்டு உடனே சிரிப்பார். "நா கூசுது பிள்ளை."

"நா கூசினா அங்கயே இருங்கோ," என்று கத்திவிட்டேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். அதன் பிறகு அவர் சிரிக்கவில்லை, ஒழுங்காகச் சொல்லிப் பழகினார். நான் முன்னறையை ஒதுக்கிக் கம்பளம் விரித்தேன். வேலைக்குப் போகும் ரயிலில் எந்தக் கீர்த்தனையில் தொடங்கலாம் என்று விரல்கள் தாமாகக் கணக்குப் போட்டன. அவ்வளவு ஆசையை அதற்கு முன் எதன்மேலும் நான் வைத்ததில்லை.

விசா மறுக்கப்பட்டது. வழக்கறிஞர் செய்தி சொன்னதும் அண்ணாவை அழைத்தேன்.

"கடைசியில அடக்கமாப் பேசிப்போட்டீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. முன்னணிக் கலைஞன் எண்டு கூசாமல் சொன்னனான். பிறகு ஒரு கேள்வி கேட்டினம். உங்கட பாணியில உங்களைவிட நல்லா வாசிக்கிற ஆக்கள் ஆரும் இருக்கினமோ எண்டு."

அந்தக் கேள்வியை நாங்கள் பழகியிருக்கவில்லை.

"என்ன சொன்னீங்கள்?"

"ஓம் எண்டனான். என்ர தங்கச்சி, அவ ஏற்கனவே உங்கட நாட்டிலதான் இருக்கிறா எண்டனான்."

"ஏன் அண்ணா அப்பிடிச் சொன்னீங்கள்? அது அடக்கம் இல்லாமல் வேறென்ன?"

"அடக்கம் இல்லைப் பிள்ளை, உண்மை. நான் எத்தனை பேரோட வாசிச்சிட்டன். உன்ர கை ஒருத்தருக்கும் இல்லை." அவர் குரலில் விசா போன கவலையைவிடப் பெருமைதான் கூடுதலாக இருந்தது. "அவ இப்ப எங்க வாசிக்கிறா எண்டும் கேட்டினம். சிட்னியில அவ வாசிக்காத மேடை இல்லை எண்டு சொல்லிப்போட்டன்."

அலுமாரிக்கு மேலே கிடந்த வயலின் பெட்டியைப் பார்த்தேன். இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டு தரம் ஹலோ சொன்னார்.

"நீ வாசிக்கிறனிதானே, பிள்ளை?" என்று கேட்டார்.