மூன்று விரல்

ரசம் பட்டால் வலது கன்னத்தின் உட்புறம் எரிந்தது. சூட்டுப்புண் என்று நெய் தடவிக்கொண்டே ஆறு மாதத்தை ஓட்டினேன். இதைப் படிக்கும் உங்களுக்கு அப்படியொரு புண் இருந்தால் என்னைப் போல் முட்டாள்தனம் செய்யாதீர்கள்.

விழுப்புரம் மருத்துவமனையில் வாய் எவ்வளவு திறக்கிறது என்று பார்க்க, டாக்டரம்மா மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் விடச் சொன்னார். ஒன்றரை விரல்தான் போயிற்று.

“போயிலை எத்தினி வருஷமா போடுறீங்க?”

“தொட்டதே இல்லீங்க. வெத்தல, பாக்கு, சுண்ணாம்புதான்.”

“அதுவே போதும்மா.”

எனக்குக் கோபம் வந்தது. தாம்பூலம் இல்லாமல் நம் வீட்டில் எந்த நல்ல காரியம் நடக்கிறது?

திசுப் பரிசோதனையில் (புண்ணிலிருந்து துளி சதை எடுத்துப் பார்ப்பது) புற்றுநோய் என்று வந்தது. டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். பாக்கும் சுண்ணாம்பும் எச்சிலில் சேரும்போது, அடங்காத ஒருவகை ஆக்சிஜன் உண்டாகிறது. அது செல்லுக்குள் புகுந்து டி.என்.ஏ.வை (செல்லுக்கு வேலை சொல்லும் இழை) சேதப்படுத்துகிறது. உடம்பு பெரும்பாலும் சரிசெய்துவிடும். தப்பிய சேதத்தோடு செல் நகலெடுத்தால், பிழை நிலைத்துவிடும். அதுதான் மரபணு மாற்றம். அப்படிப் பிழைகள் சேர்ந்து சேர்ந்து, வளர்ச்சியை நிறுத்தத் தெரியாத செல் பிறக்கிறது.

திண்டிவனத்தில் ஒரு மண்டியில் பதினெட்டு வருடம் மல்லாட்டை (வேர்க்கடலை) உடைத்தேன். நாங்கள் பருப்பை வாயில் போட்டுக்கொள்வோம் என்று முதலாளி காலையிலேயே வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்துவிடுவார். “போட்டுக்கோங்கம்மா” என்பார். அவரைத் தங்கமான மனுஷர் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். நோய் வருமென்று அவருக்குத் தெரிந்திருக்காது என்கிறார் என் கணவர். இருக்கலாம். ஆனால் ஒரு பிடி பருப்புக்காக எங்கள் வாயை அடைத்தது தெரிந்து செய்ததுதானே? அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கன்னத்தை வெட்டியெடுத்து, தொடைச் சதையை வைத்துத் தைத்தார்கள். தொட்டால் கைக்குத் தெரிகிறது, கன்னத்துக்குத் தெரிவதில்லை.

வீடு திரும்பியதும் தங்கை சரசு கேப்பைக் கூழோடு வந்தாள். அவளும் அதே மண்டியில்தான் உடைக்கிறாள். கன்னம் உப்பியிருந்தது.

“இன்னுமா போட்டுக்கினு இருக்க?”

“போயிலை சேக்கலக்கா. வெறும் பாக்குதான்.”

“துப்பிட்டு வா. மூணு விரல உள்ள வுடு.”

சிரித்துக்கொண்டே வைத்தாள். மூன்றாவது விரல் பல்லில் முட்டி நின்றது. மறுபடி முயன்றாள். சிரிப்பு போய்விட்டது.

“அக்கா, பயமா இருக்குது.”

மறுநாளே அவளை விழுப்புரத்துக்கு அழைத்துப் போனேன். புண் இல்லை. ஆனால் பாக்கால் இறுகிப்போன கன்னத்தின் உட்சதை முழுதாக இளகாது, பாக்கை விட்டால் மேலும் இறுகாமல் காக்கலாம் என்றார்கள். அன்றோடு விட்டாள்.

எனக்கு இப்போது வருடக் கணக்கு இல்லை. ஒரு பரிசோதனையிலிருந்து அடுத்த பரிசோதனை வரைதான் காலம். தினமும் காலையில் சரசு வந்து என் முன்னால் வாயைத் திறக்கிறாள். இரண்டரை விரல். அது குறையாத நாள் எனக்கு நல்ல நாள்.