முழங்கால் தண்ணீரில் தட்டை மீன்

கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஏரியில் தூண்டில் போடுவதுதான் என் வீட்டுக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை பூசை. வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து விடிவதற்குள் வண்டியை எடுத்துவிடுவார். கல்யாணமான புதிதிலிருந்து நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன், ஒரே ஒரு நாள் என்னையும் கூட்டிப்போங்கள், ஒரு தடவை தூண்டிலைப் பிடித்துப் பார்க்கிறேன் என்று. "பொம்பள வாடை பட்டா மீன் கிட்டவே வராது. நீ மசாலா அரைச்சு வை" என்பார். அவர் கொண்டுவரும் விராலைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, கழுவி, வறுப்பதெல்லாம் இந்தப் பொம்பளைதான். அப்போது மட்டும் வாடை தெரியாது போல.

போன வருஷம், அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் எங்கள் மகள் எங்களை வரவழைத்தாள். அவள் வீட்டிலிருந்து கடல் பக்கம்தான். மணலில் பதுங்கிக் கிடக்கும் தட்டை மீனை அங்கே கரையில் நின்றே பிடிக்கலாமாம். அதைக் கேட்டதும் இவருக்குக் கை பரபரத்தது. மகள் ஒரு நீளத் தூண்டில் வாங்கிக் கொடுத்தாள். பக்கெட் தூக்க ஆள் வேண்டுமே, அதனால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எப்படியோ போனால் போதும் என்று கிளம்பிவிட்டேன்.

காலையில் மகள் எங்களைக் கடற்கரையில் இறக்கிவிட்டு டியூட்டிக்குப் போய்விடுவாள். குளிரென்றால் அப்படியொரு குளிர். இவர் மணல் புழுவை முள்ளில் கோத்து, உடம்பை வளைத்து வீசுவார் பாருங்கள், தூண்டில் நரம்பில் கட்டிய ஈயக்குண்டு அமெரிக்காவில் போய்த்தான் விழும். நம் ஏரியில் கரையோரமெல்லாம் கோரையும் பாசியும்தான், பெரிய மீன் தள்ளித்தான் இருக்கும். அந்தக் கணக்கையே கடலிலும் போட்டார். ஒன்றும் மாட்டவில்லை. அலை சரியில்லை, காற்று ஜாஸ்தி என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கடைசியில் பழி என் தலையில் வந்து விழுந்தது. "நீ பக்கத்துல நிக்கறே பாரு, அதான்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்குப் பக்கெட்டைக் கடலில் வீசியிருப்பேன். மகள் வாங்கியதாயிற்றே என்று விட்டேன்.

ஒரு நாள் சலித்துப்போய் ரீலைச் சுற்றி நரம்பை இழுத்துக்கொண்டிருந்தவர், புழு முழங்கால் ஆழத்துக்கு வந்ததும் பாதியில் நிறுத்தினார். "இதக் கொஞ்சம் புடி. டீ குடிச்சிட்டு வந்துடறேன். எதையும் தொடாத" என்று தூண்டிலை என் கையில் கொடுத்துவிட்டு, பிளாஸ்க் வைத்திருந்த பாறைப் பக்கம் போனார்.

இத்தனை வருஷம் கேட்டது கைக்கு வந்துவிட்டது, சும்மா நிற்க முடியுமா? கால் வேறு விறைத்தது. கரையோரமாக மெதுவாக நடக்க ஆரம்பித்தேன். பௌர்ணமிதோறும் கிரிவலம் போய் மலையைச் சுற்றுகிற கால், நடை அதற்குப் புதிதில்லை. நான் நடக்க நடக்க ஈயக்குண்டு தண்ணீருக்குள் மணலைக் கிளறிக்கொண்டே கூட வந்தது. திடீரென்று தூண்டில் நுனி படபடவென்று துடித்தது.

"இழு! விட்டுடாத! குடு இங்க, குடு!" என்று டம்ளரைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"குடுக்க மாட்டேன்! தள்ளிப் போங்க!" என்றேன்.

ரீலெல்லாம் எனக்குச் சுற்றத் தெரியாது. தூண்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தேன். அது இழுத்தது, நானும் விடவில்லை. ஓர் அலை வந்து அதை மணலில் தள்ளிவிட்டுத் திரும்பியது. லாரிச் சக்கரத்தில் மாட்டியதுபோல் தட்டையான மீன். சாப்பாட்டுத் தட்டு அகலம். ஒரு பக்கம் மண் நிறம், மறுபக்கம் வெளுப்பு, இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில். சந்தோஷத்தில் நான் கத்திய கத்தலுக்குக் கரையில் இருந்த பறவைகளெல்லாம் எழும்பிவிட்டன.

தள்ளி நின்று தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் வந்தார். நேராகப் போய் இவர் கையைக் குலுக்கினார். இவரும் பல்லைக் காட்டிக்கொண்டு குலுக்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஐயா, புடிச்சது நானு!" என்று தமிழிலேயே சொல்லி மார்பில் தட்டிக்காட்டினேன். அவர் சிரித்துவிட்டு என் கையையும் பிடித்துக் குலுக்கினார். பிறகு முழங்கால் தண்ணீரைக் காட்டி, மீன் அங்கேதான் கிடக்கும் என்று இவருக்குச் சைகை செய்தார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறார் மனிதர்.

ஊர் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை, அவர் கூப்பிடாமலேயே வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். அவரும் இறங்கச் சொல்லவில்லை. ஏரிக்கரையில் இருந்த அவருடைய கூட்டாளிகள் என்னைப் பார்த்து முழித்தார்கள். "என்னாண்ணே, அண்ணியக் கூட்டினு வந்துட்டீங்க? இன்னிக்கு மீனு மாட்டுன மாதிரிதான்" என்றான் ஒருவன்.

இவர் முள்ளில் புழுவைக் கோத்தார். தூண்டிலை ஓங்கியவர், வீசாமல் என் பக்கம் திரும்பினார்.

"எங்க போடட்டும்?" என்றார், அத்தனை பேருக்கும் கேட்கும்படி.

நான் கையை நீட்டினேன்.

"அத இப்படிக் குடுங்க. நானே போடறேன்."